தள்ளுபடிக்கு வருகிறவர்கள் போய்விடுகிறார்கள், தங்குகிறவர்கள் ஏன் தங்குகிறார்கள்?

தாள்மடிப்பு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. நானும் தங்கையும் சேர்ந்து கையால் தைத்த நோட்டுகள் செய்து ஆன்லைனில் விற்கிறோம். ஃபவுண்டன் பேனா மை பின்பக்கம் ஊறாத தாள், எந்தப் பக்கத்தில் விரித்தாலும் தட்டையாகக் கிடக்கும் தையல். இந்த இரண்டையும்தான் நம்பி இறங்கினோம்.

தள்ளுபடி போட்டால் ஆர்டர் குவிகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. அப்படி வருகிறவர்கள் எழுதும் விமர்சனமும் "பார்சல் சீக்கிரம் வந்தது" என்ற அளவில் முடிந்துவிடும். ஆனால் இன்னொரு சின்னக் கூட்டம் இருக்கிறது. ஓவியம் வரைபவர்கள், பேனா சேகரிப்பவர்கள். எந்த ஆஃபரும் இல்லாதபோதும் வாங்குகிறார்கள். எங்கோ ஒரு குழுவில் யாராவது நோட்டு பற்றிக் கேட்டால், நாங்கள் சொல்லாமலே எங்கள் பெயரைச் சொல்லி, தையல் எப்படி இருக்கும் என்று படம் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அடுத்த சீசனுக்கு விளம்பரத்துக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறோம். அதைப் பணம் கட்டிய போஸ்டுகளில் போடுவதா, இந்தச் சின்னக் கூட்டத்துக்காக ஏதாவது செய்வதா? பெரிய பிராண்டுகளுக்கு வெறிபிடித்த ரசிகர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓரக்குறிப்பு

விளம்பரத் துறையில் வாசகம் எழுதுவதே என் வேலை, அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. நல்ல விளம்பரம் ஒருவரைக் கடைக்குள் கூட்டிவரும். அவரை ரசிகராக்குவது அதற்குப் பிறகு நடப்பது.

எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது ஹார்லி டேவிட்சன். ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்வார்கள். 1970களில் அந்தக் கம்பெனி ஏஎம்எஃப் என்ற வேறொரு நிறுவனத்தின் கையில் இருந்தது. வண்டியின் தரம் விழுந்து பெயர் கெட்டிருந்தது. 1981இல் நிர்வாகிகள் 13 பேர் சேர்ந்து கடன் வாங்கிக் கம்பெனியைத் திரும்ப வாங்கினார்கள். 1983இல் வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று "ஹார்லி ஓனர்ஸ் குரூப்" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சங்கம் தொடங்கியதோடு ரசிகர்கள் வந்துவிட்டார்கள் என்று இங்கேயே கதையை முடித்துவிடுவார்கள்.

விட்டுப்போகும் பாதி இரண்டு விஷயம். ஒன்று, அதே ஆண்டுகளில் தொழிற்சாலையில் தயாரிப்பு முறையையே மாற்றித் தரத்தைத் தூக்கினார்கள். இரண்டு, ரசிகர்களின் பயணங்களில் கம்பெனி ஆட்களும் சொந்த வண்டியில் கூடவே ஓட்டினார்கள். மேடை போட்டுப் பேசிவிட்டுக் கிளம்பும் வழக்கம் இல்லை. வழியில் வண்டி நின்றால் எதனால் நின்றது என்று அருகில் இருந்தே பார்த்தார்கள். வாங்கியவரோடு சேர்ந்து நேரம் செலவழிக்கிற கம்பெனியை அவர் "என் கம்பெனி" என்பார். கணக்கு அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: பணத்தில் பெரும்பங்கு அந்தச் சின்னக் கூட்டத்துக்கு.

---

செங்கல்பிரியை

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் லெகோ பைத்தியம். வயது நாற்பதைத் தாண்டியும் விடவில்லை.

1998இல் லெகோ "மைண்ட்ஸ்டார்ம்ஸ்" என்று ரோபோ கட்டும் பெட்டி ஒன்றை விட்டது. வெளிவந்த சில வாரங்களிலேயே ஆர்வலர்கள் அதன் மூளைப்பகுதியைப் பிரித்து, உள்ளே இருந்த நிரலைக் கண்டுபிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். வேறு கம்பெனியாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ் பறந்திருக்கும். லெகோவுக்குள்ளும் அந்தப் பேச்சு நடந்தது. கடைசியில் விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். விட்டதோடு நிற்காமல், மென்பொருள் உரிமத்திலேயே "மாற்றியமைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு" என்று சேர்த்தார்கள். அதன் பிறகு புதுப்புது நிரல்மொழிகளும், ஆர்வலர்கள் தாங்களே செய்த சென்சார்களும் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தன. கம்பெனி தானாகச் செய்திருந்தால் எத்தனையோ ஆண்டு ஆகியிருக்கும்.

அடுத்த பதிப்பு செய்யும்போது அந்த ஆர்வலர்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு, ரகசியமாக வைத்து, வடிவமைப்பிலேயே உட்கார வைத்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, லெகோ பெட்டிகள்தான் கிடைத்தன. டென்மார்க்குக்கு விமானச் செலவைக்கூடத் தாங்களே போட்டுக்கொண்டு போனார்கள். புதுப் பதிப்பு 2006இல் வந்தது.

இதற்கு நடுவில், 2003–04 வாக்கில், அந்தக் கம்பெனி பெரும் நஷ்டத்தில் தத்தளித்தது என்பதையும் நினைவில் வையுங்கள். பெரியவர்கள் கூட்டத்தை முழு மரியாதையோடு நடத்தத் தொடங்கியது அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

---

எண்ணெழுத்து

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தாள்மடிப்பு பணம் ஒதுக்கப் போகிறார், அதனால் மறுபக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு வேலையே வாங்கியவர்களின் தரவைப் பார்ப்பது.

ஆண்ட்ரூ ஏரன்பெர்க் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் பல வகைப் பொருட்களின் விற்பனையை ஆராய்ந்தார். திரும்பத் திரும்பத் தென்பட்டது இதுதான்: சின்ன பிராண்டை வாங்குபவர்கள் எண்ணிக்கையில் குறைவு, அந்தக் குறைவான பேரும் பெரிய பிராண்டின் வாடிக்கையாளர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே திரும்ப வாங்குகிறார்கள். சின்ன பிராண்டுக்கு இரட்டை அடி. அதாவது பிராண்ட் வளர்வது பெரும்பாலும் புதிதாக வருபவர்களால், எப்போதாவது ஒரு முறை வாங்குபவர்களால். ரசிகர்களை இன்னும் தீவிர ரசிகர்களாக்குவதால் வளர்ந்தவர்கள் குறைவு.

ஹார்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு விசுவாசமான கூட்டம் இருந்தும் அமெரிக்காவில் அதன் விற்பனை 2015இலிருந்து சில ஆண்டுகள் விடாமல் சரிந்தது. ரசிகர்களுக்கு வயதாகிவிட்டது, அடுத்த தலைமுறை போதுமான அளவு வரவில்லை.

இன்னொன்று, சாட்டர்ன் கார். ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய பிராண்ட், முதல் கார் 1990இல் வந்தது. பேரம் இல்லாத ஒரே விலை, மரியாதையான விற்பனையாளர்கள் என்று பெயர் எடுத்தது. 1994இல் டென்னஸியில் உள்ள தொழிற்சாலையைப் பார்க்க வாருங்கள் என்று கார் வைத்திருந்தவர்களை அழைத்தார்கள். விடுமுறையைச் செலவழித்து 40,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒரு தொழிற்சாலையைப் பார்க்க! ஆனால் தாய்க் கம்பெனி புது மாடல்களுக்குப் பணம் போடாமல் ஆண்டுக்கணக்கில் காயவிட்டது. 2010இல் பிராண்டையே மூடிவிட்டார்கள். ரசிகர்களின் அன்பால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

---

ஓரக்குறிப்பு

எண்ணெழுத்து, சாட்டர்ன் கதை எனக்குச் சாதகமாக அல்லவா பேசுகிறது? அந்த மக்களைக் கைவிட்டது கம்பெனிதானே. ரசிகர் கூட்டத்தைக் காட்டிக்கொண்டு பொருளைக் கவனிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் புதியவர்கள் வராமல் வளர முடியாது என்ற இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். என் வாதம் இதுதான்: தாள்மடிப்பின் அளவில் உள்ள பிராண்டுக்குப் புதியவர்களைக் கூட்டிவரும் மலிவான வழியே அந்தப் பழையவர்கள்தான். அவர்கள் ஏற்கெனவே படம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

---

கடல்நுரை

நான் மார்க்கெட்டிங் படிக்கிற மாணவன். பாயிண்ட் கார்டு பற்றி யாரும் பேசவில்லையே? ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் மாதிரி. விமானக் கம்பெனிகள் எல்லாம் அதில்தானே ஆட்களைப் பிடித்து வைத்திருக்கின்றன?

---

எண்ணெழுத்து

பாயிண்ட் வேலை செய்யும் தம்பி. ஆனால் அது செய்யும் வேலை வேறு.

நூனெஸ், ட்ரெஸ் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கார் கழுவும் இடத்தில் 300 பேருக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு கட்டம் உள்ள அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், ஆனால் அதில் இரண்டில் ஏற்கெனவே முத்திரை. இரு பக்கமும் நிரப்ப வேண்டியது எட்டுதான். முதல் குழுவில் 19 விழுக்காடு பேர் அட்டையை முடித்தார்கள், இரண்டாம் குழுவில் 34 விழுக்காடு. தொடங்கிவிட்டோம் என்ற எண்ணமே ஆளை இழுக்கிறது.

இதில் கார் கழுவும் இடத்தின் மீது யாருக்கும் அன்பு வளரவில்லை என்பதைக் கவனி. அட்டையின் மீதுதான் பிடிப்பு. பக்கத்தில் இன்னும் நல்ல அட்டை கொடுத்தால் அங்கே போவார்கள். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கியதும் போட்டிக் கம்பெனிகள் உடனே அதையே செய்தன. எல்லோரிடமும் இருந்தால் யாருக்கும் அது தனிச்சிறப்பு இல்லை.

---

நீலக்குடை

நான் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவள். இழையில் புகார்களைப் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் ஒன்றில், ஒரு அப்டேட் சிலருடைய சேமித்த கோப்புகளை அழித்துவிட்டது. நிர்வாகம் முதலில் போட்டது வழக்கமான வாசகம்: "சிலருக்குச் சிரமம் ஏற்பட்டிருக்கலாம், வருந்துகிறோம்." மெயில் பெட்டி பற்றி எரிந்தது. மக்களைக் கோபப்படுத்தியது கோப்பு போனதைவிட அந்த "ஏற்பட்டிருக்கலாம்" என்ற சொல்தான். பலர் அதையே மேற்கோள் காட்டித் திட்டினார்கள். எங்கள் குழுவில் ஒருவர் மேலிடத்தில் சண்டை போட்டு அனுமதி வாங்கி, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதினார். எந்தக் கோப்பு போனது, அதில் எதை மீட்க முடியும், எதை மீட்கவே முடியாது, எத்தனை மணிக்குள் கிடைக்கும். மீட்க முடியாததை "முடியாது" என்றே எழுதினார். பிறகு வந்த மாதங்களில் மற்றவர்களின் சந்தேகங்களுக்கு எங்கள் சார்பில் பதில் சொன்னவர்களில் அந்தப் பெயர்கள் நிறையத் தென்பட்டன. எந்தக் கூப்பனும் அதைச் செய்திருக்காது.

பெரிய அளவில் இதற்கு டைலனால் என்ற வலி மாத்திரையைச் சொல்வார்கள். 1982இல் சிகாகோ பகுதியில் யாரோ மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். தவறு கம்பெனியுடையது இல்லை. இருந்தும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுக்க 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது, பிரித்தால் தெரிந்துவிடும் மூடியோடு மறுபடி கொண்டுவந்தது. பிராண்ட் செத்தது என்றே பலர் நினைத்தார்கள். ஓராண்டுக்குள் சந்தையில் இழந்த இடத்தின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது.

தாள்மடிப்பு, உங்களிடம் தையல் விட்டுப்போன நோட்டு திரும்பி வருமா? வந்தால் என்ன செய்கிறீர்கள்?

---

தாள்மடிப்பு

எப்போதாவது வரும். வேறு புதியதை அனுப்பிவிடுகிறோம், பழையதைத் திருப்பிக் கேட்பதில்லை.

---

நீலக்குடை

அங்கேதான் ஒரு வாய்ப்பு போகிறது! ஓவியம் வரைபவருக்குப் பாதி நிரம்பிய நோட்டு முக்கியம். புதிய நோட்டில் அவர் வரைந்த பக்கங்கள் இருக்காதே. "அனுப்புங்கள், அதையே மறுபடி தைத்துத் தருகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள்.

---

பழைய ரேடியோ

நீலக்குடை அம்மா சொன்னது அருமை. பேட்டகோனியா என்ற ஆடைக் கம்பெனி செய்வது இதே வேலைதான். 2011 நவம்பர் 25, அமெரிக்காவில் தள்ளுபடி விற்பனை உச்சத்தில் இருக்கும் நாள். நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம்: "இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்". கீழே அந்த ஜாக்கெட் செய்ய 135 லிட்டர் தண்ணீர் செலவானது, அது 45 பேரின் ஒரு நாள் தேவை என்று தாங்களே எழுதினார்கள். தேவையில்லாமல் வாங்காதீர்கள், கிழிந்தால் கொடுங்கள், தைத்துத் தருகிறோம் என்பது செய்தி.

பலர் அந்தத் தலைப்பை மட்டும் வியக்கிறார்கள். எனக்கு மதிப்பாகத் தெரிவது அதற்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு தையல் பட்டறை இயங்கியது. பட்டறை இல்லாமல் அந்த வாசகத்தை யார் போட்டிருந்தாலும் ஒரு வாரத்தில் மானம் போயிருக்கும். நிறுவனர் இவோன் ஷூனார்ட் 2022இல் கம்பெனியின் உரிமையையே ஒரு அறக்கட்டளைக்கும் சூழலியல் அமைப்புக்கும் மாற்றிக் கொடுத்தபோது, பழைய ரசிகர்கள் அதிகம் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

---

கடல்நுரை

சரி, ஆனால் ரெட் புல் மாதிரி அதிரடியாக ஏதாவது செய்தால்தானே பேசுவார்கள்? 2012இல் பெலிக்ஸ் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்ததை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள்.

---

ஓரக்குறிப்பு

அது அற்புதமான வேலை, சந்தேகமே இல்லை. பல ஆண்டு சாகச விளையாட்டுகளுக்குச் செலவழித்த பிராண்ட் செய்ததால் பொருந்தியது. அந்த அளவு பணம் இல்லாதவர்களுக்கு வேறு பாதை உண்டு: பொருளைப் பயன்படுத்தும்போதே செய்தி பரவ வேண்டும்.

ஹாட்மெயில் 1996இல் தொடங்கியபோது, பயனர் அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் "உங்களுக்கும் இலவச மெயில் வேண்டுமா" என்று ஒரு வரி சேர்த்தார்கள். ஒவ்வொரு கடிதமும் விளம்பரமாகிவிட்டது. டிராப்பாக்ஸ் நண்பரைச் சேர்த்தால் சேர்த்தவருக்கும் சேர்ந்தவருக்கும் கூடுதல் இடம் கொடுத்தது. 15 மாதத்தில் ஒரு லட்சம் பயனர்கள் 40 லட்சமானார்கள். கவனியுங்கள், பரிசாகக் கொடுத்தது பணம் இல்லை, கூடுதல் சேமிப்பு இடம். பொருள் பிடித்தவருக்கு மட்டுமே அந்தப் பரிசு தேவைப்படும். வேடிக்கை பார்க்க வந்தவர் தானாக வடிகட்டப்படுகிறார்.

தாள்மடிப்பு, உங்கள் நோட்டில் கடைசிப் பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? அங்கே கிழித்தெடுக்கக்கூடிய நான்கு சின்னத் துண்டுகள் வையுங்கள், அதே தாளில். "மை ஊறுகிறதா என்று உங்கள் பேனாவால் எழுதிப் பாருங்கள்" என்று ஓரத்தில் ஒரு வரி. பேனாக்காரர்கள் சந்திக்கும்போது நண்பருக்கு ஒன்று கிழித்துக் கொடுப்பார்கள். உங்கள் தாள் தானே பேசிக்கொள்ளும். போஸ்டுக்குக் கட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் இதன் செலவு ஒன்றுமே இல்லை.

---

தாள்மடிப்பு

துண்டுத் தாள் யோசனையைப் படித்ததும் தங்கை எழுந்து போய் ஒரு மாதிரியே வெட்டிவிட்டாள்! மறுதையலும் செய்ய முடியும், ஊசி, நூல் எல்லாம் கையில் இருப்பதுதானே. இன்னொன்று யோசித்தோம். அடுத்த அட்டை வடிவத்தை ரசிகர்களிடமே வரையச் சொல்லி, வாக்கெடுப்பில் ஜெயிப்பதை அச்சிட்டால்?

---

செங்கல்பிரியை

செய்யுங்கள். ஆனால் ஜெயிப்பவருக்குக் காசு கொடுங்கள். "உங்கள் படைப்பு பலர் கையில் போகும், அதுவே பெருமை" என்று சொல்லி ஓவியர்களின் உழைப்பை இலவசமாக வாங்கினால், இன்று உங்களைப் புகழும் அதே ஆட்கள் நாளை திட்டுவார்கள், நியாயமாகவே. லெகோவின் "ஐடியாஸ்" திட்டத்தில் 10,000 ஆதரவு வாங்கிய வடிவமைப்பைக் கம்பெனி பரிசீலிக்கிறது. தேர்வாகிக் கடைக்கு வந்தால், உருவாக்கியவருக்கு நிகர விற்பனையில் ஒரு விழுக்காடு. கையேட்டில் அவர் பெயரும் படமும் வரும். நான்கு பேரைச் சம்பளமில்லாமல் உட்கார வைத்த காலத்திலிருந்து இது நல்ல முன்னேற்றம்.

அப்புறம் வாக்கெடுப்பில் என்ன கேள்வி கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1985இல் கோகோ கோலா புதுச் சுவையைக் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரிடம் ருசி பார்க்கக் கொடுத்தது. புதியதே பலருக்குப் பிடித்திருந்தது. ஏப்ரல் 23இல் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அறிமுகப்படுத்தினார்கள். மக்கள் கொதித்துப் போனார்கள். 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. எது ருசி என்று கேட்டார்களே தவிர, பழையதை எடுத்துவிட்டால் உங்களுக்குச் சம்மதமா என்று அழுத்திக் கேட்கவில்லை. புது அட்டை வரட்டும். பழைய அட்டையை நிறுத்துவதாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

எண்ணெழுத்து

மறுதையல், துண்டுத் தாள், சம்பளத்தோடு அட்டைப் போட்டி. மூன்றும் நன்றாக இருக்கின்றன. என் பங்குக்கு ஒரு வேண்டுகோள்: விளம்பரத்தை முழுக்க நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பெயரே கேள்விப்படாதவர்கள் வெளியில் ஏராளம், அவர்களை எட்ட ஒரு பங்கு போகட்டும். தள்ளுபடியைப் பெரிதாகப் போடாமல், தையல் விரிந்து கிடப்பதையும் மை ஊறாததையும் காட்டுங்கள். அதைப் பார்த்து வருபவர் பொருளுக்காக வருகிறார்.

---

கடல்நுரை

ஒரு சந்தேகம் அக்கா, அண்ணா. ரசிகர்களுக்கு இலவச நோட்டு கொடுத்து ரீல்ஸ் போடச் சொல்லலாமா?

---

நீலக்குடை

கொடுக்கலாம். ஆனால் "இது இலவசமாகக் கிடைத்தது" என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பல நாடுகளில் அது சட்டமும்கூட. இப்போது அவர்கள் காசு வாங்காமல் சொல்வதால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. மறைத்து ஒருமுறை மாட்டினால், உண்மையாகவே பாராட்டியவர்களையும் சேர்த்து எல்லோரும் சந்தேகப்படுவார்கள்.

---

தாள்மடிப்பு

எல்லோருக்கும் நன்றி. இப்படிப் பிரிக்கலாம் என்று இருக்கிறோம்: மூன்றில் ஒரு பங்கு புதியவர்களை எட்டும் விளம்பரத்துக்கு, மீதி மறுதையலுக்கும் அட்டை வரைபவரின் பங்குக்கும். தள்ளுபடி இந்த சீசன் கிடையாது. இது பலிக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? ஃபாலோயர் எண்ணிக்கையை நம்பலாமா?

---

எண்ணெழுத்து

அதை நம்ப வேண்டாம். ஆர்டர் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: "எங்களைப் பற்றி யார் சொன்னார்கள், எங்கே பார்த்தீர்கள்?" பட்டியல் கொடுக்காமல், அவர்களே எழுதும் பெட்டியாக வையுங்கள். "நண்பர் ஒரு துண்டுத் தாள் கொடுத்தார்" என்று எழுதுபவர்களைத் தனியாக எண்ணுங்கள். அதோடு, முதல்முறை முழு விலைக்கு வாங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த நோட்டுக்குத் திரும்பி வருகிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு நோட்டு நிரம்ப எவ்வளவு காலமாகும் என்பதை அந்த ஓவியர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் கணக்குப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

---

ஓரக்குறிப்பு

மறுதையலுக்கு முதல் நோட்டு வந்ததும், உரியவர் அனுமதித்தால், தைப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து இங்கே போடுங்கள். அதற்கு வாசகம் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.